கூட்டுக்குக் கீழே நின்ற செவலை

அந்த ஆனி மாதத்தில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஈயின் மேல்தான் கோபம். ஈயிடம் காட்ட முடியாத கோபத்தை ஒருவர் மேல் ஒருவர் காட்டிக்கொண்டிருந்தோம்.

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகிற வழியில், வாய்க்கால் ஓரமாக எங்கள் வீடு. பின்னால் தகரக் கூரை போட்ட குதிரைக் கொட்டம். அதில் இரண்டு குதிரைகள். ஆண் வெள்ளை, பெண் செவலை. கல்யாண ஊர்வலம், சந்தனக்கூடு, பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று யார் கூப்பிட்டாலும் என் கணவர் அவற்றை அலங்கரித்து அழைத்துப் போவார். அவருடைய அத்தா விட்டுப்போன தொழில். குதிரைகள் அவருக்கும் அவருடைய அக்காவுக்கும் பொது.

அந்த அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். கணவர் மவுத்தான பிறகு எங்கள் முன்வீட்டில் தனியாக இருந்தார். அடுப்பு தனி, கொட்டம் ஒன்று. செவலையை ஈன்ற தாய்க் குதிரை எழுந்திருக்க முடியாமல் போனபோது, புட்டியில் பால் ஊற்றிக் குட்டியை எழுப்பி நிறுத்தியவர் அவர். அவர் முன்வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டாலே செவலையின் காது திரும்பும். நான் எத்தனை கட்டு புல் போட்டாலும் எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

முதல் போகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் குருவிகள் வந்தன. முதுகு கருநீலம், தலை செம்மண் நிறம், வயிறு பளிச்சென்று வெள்ளை, வாலின் இரு ஓரத்திலும் கம்பி இழுத்தது போல ஒவ்வொரு மெல்லிய இறகு. கம்பிவால் தகைவிலான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எங்களுக்கு அது வெறும் குருவிதான். இரண்டும் கரையில் இறங்கி ஈர மண்ணை அலகில் உருட்டி எடுத்து வந்து, கொட்டத்தின் நடு உத்திரத்தில் ஒட்டவைத்தன. சுவரோரமாக, இருட்டாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத மூலை எத்தனையோ இருந்தது. அவற்றுக்குப் பிடித்தது செவலையின் முதுகுக்கு நேர் மேலே.

பாதி வெட்டிய கிண்ணம் போலக் கூடு உருவானது. எச்சம் செவலையின் முதுகிலும் தீவனத் தொட்டியிலும் விழுந்தது. நான் தொட்டியை ஒரு முழம் தள்ளி வைத்தேன். கணவரிடம் சொல்லிக் கூட்டுக்குக் கீழே ஒரு பலகையை ஆணியடித்துத் தொங்கவிட்டேன். எச்சம் பலகையில் விழ ஆரம்பித்தது. மதினி அண்ணாந்து பார்த்துவிட்டு, "கலைச்சு விடுறத விட்டுட்டு, மெத்தை போட்டுக் குடுக்குறீகளாக்கும்" என்றார். ஆனாலும் கையால் தொடவில்லை.

பிறகு சாரல் பிடித்தது. மேற்குக் கணவாய்க் காற்றோடு தூறல் வந்து வந்து போகும். குதிரை லத்தி காயவே காயாது. குவித்த இடத்தில் ஈ மொய்த்தது. கண்ணோரத்தில் அப்பும் ஈ ஒரு வகை, காலிலும் வயிற்றடியிலும் ரத்தம் வரக் கடிக்கும் ஈ இன்னொரு வகை. போதாததற்குச் செவலையின் காதுக்குள்ளும் வால் தண்டிலும் உண்ணி. வெள்ளையின் தோல் எப்படியோ தப்பித்தது. செவலையோ இரவு பகலாகக் காலை உதைத்துக்கொண்டே நின்றது. முன்னங்காலில் ஒரு கடிப்புண் ஆறாமல் நீர் கோத்துக்கொண்டது.

கம்பத்தில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். செவலையின் மேல் மாப்பிள்ளை. கடைத்தெரு திரும்பும்போது வயிற்றடியில் ஈ கடித்திருக்க வேண்டும். அது சட்டென்று பின்னங்காலை வீசியது. பக்கத்தில் விளக்குத் தூக்கி வந்த ஆளின் முழங்காலுக்குக் கீழே பட்டது. விளக்கு தரையில் விழுந்து உடைந்தது. அந்தச் சத்தத்தில் செவலை முன்கால் இரண்டையும் தூக்கியது. மாப்பிள்ளை பிடரியைக் கட்டிக்கொண்டு தொங்க, என் கணவர் கடிவாளத்தைப் பிடித்து நெஞ்சோடு இழுத்து நிறுத்தினாராம். அடிபட்டவருக்கு எலும்பு முறியவில்லை. வீங்கியதோடு போயிற்று. ஆனால் வீட்டுக்கு வந்த கணவர் முதலில் குனிந்து செவலையின் வயிற்றடியைத்தான் பார்த்தார்.

"ஒரு சின்னப் பிள்ளை நின்னுருந்துச்சு அந்தப் பக்கம். ஒரு அடி தள்ளி. இந்த ஈ ஒழியாம இனிமே செவலைய வெளிய எடுக்க மாட்டேன்" என்றார்.

மறுநாளே கடையில் பசைத்தாள் வாங்கி வந்து கொட்டத்தில் வரிசையாகத் தொங்கவிட்டார். ஈ ஒட்டிக்கொண்டு கருப்பாக அப்பியது. எல்லாருக்கும் சந்தோஷம். மத்தியானம் நான் தண்ணீர் வைக்கப் போனபோது ஒரு தாள் தன்னாலே சுழன்றுகொண்டிருந்தது. கிட்டே போனால் குருவி. ஒரு சிறகும் வாலும் பசையில். வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தமே வரவில்லை. மற்றது கொட்டத்துக்குள் சுற்றிச் சுற்றிப் பறந்து கத்தியது.

நான் கத்தரிக்கோலால் தாளை வெட்டி இறக்கினேன். கணவர் இரண்டு உள்ளங்கையிலும் பொத்திப் பிடித்தார். விரலில் துளித் துளியாகத் தேங்காயெண்ணெய் தொட்டு, பசைக்கும் இறகுக்கும் நடுவே விட்டு விலக்கினேன். எண்ணெய் மற்ற இறகில் படக் கூடாது, பட்டால் பறக்காது என்று பயம். அதன் நெஞ்சு அடித்துக்கொண்டதில் அவர் கையே அதிர்ந்தது. கடைசியில் வால் கம்பி ஒன்று தாளோடு போய்விட்டது. எண்ணெய் பட்ட இடத்தில் அரிசி மாவைத் தூவி ஒற்றி எடுத்தோம். கையை விரித்தபோது அது அங்கேயே உட்கார்ந்திருந்தது. செத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு ஒரு உதறல், நேரே வாசல் வழியாக வெளியே. கணவர் அத்தனை தாளையும் பிய்த்துச் சுருட்டி அடுப்பில் போட்டார்.

அந்த வாரமே கூட்டிலிருந்து சின்னக் கீச்சுச் சத்தம் வந்தது. விளிம்புக்கு மேல் மஞ்சள் வாய்கள் தெரிந்தன.

திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கிற ஆளிடம் மதினி பேசி வைத்திருந்தார். கொட்டத்தின் சுவர், கூரை, உத்திரம் எல்லாம் நனைய அடித்துவிட்டால் ஈ மிச்சமிருக்காது என்று அந்த ஆள் சொன்னாராம். மிஷினோடு வாசலில் வந்து நின்ற பிறகுதான் எனக்கே தெரியும்.

"குஞ்சு பொரிச்சிருக்கு மதினி. பறக்கட்டும். அப்புறம் அடிச்சுக்கலாம்" என்றேன்.

"அதுவரைக்கும் செவல ரத்தத்தக் குடுத்துக்கிட்டு நிக்கணுமாக்கும்?"

"லத்திய ரெண்டு வேளை அள்ளித் தூரமாப் போடுவோம். வலை அடிப்போம். நான் பாத்துக்கிறேன்."

"நீ குருவியப் பாப்ப. எனக்குத் தெரியாதா? குருவி ஈயத் தின்னும், ஈயத் தின்னும்னு சொன்ன. தின்னு ஒழிச்சிருச்சா?"

குருவிகள் விடிந்ததிலிருந்து பறந்து பிடித்தும் ஈ குறையவில்லை என்பது உண்மை. கணவர்தான் நடுவில் புகுந்தார். "தோட்டத்துக்கு அடிக்கிற விஷம்க்கா. தொட்டியில பட்டு, புல்லுல பட்டு, இதுக நக்கி வச்சா என்ன பண்ணுறது? இப்ப வேணாம்" என்றார். வந்த ஆள் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மதினி என் முகத்தைப் பார்க்காமல் முன்வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டொரு நாள் கழித்து, கணவர் வெள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு சின்னமனூர்ப் பக்கம் ஒரு பள்ளி விழாவுக்குப் போனார். நான் வலை வாங்கத் தேனிக்குப் பஸ் ஏறினேன். அங்கே அல்லிநகரத்தில் ஒரு கடையில் ஜன்னலுக்கு அடிக்கிற மெல்லிய பச்சை வலை கிடைத்தது. சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

செவலை முற்றத்துக் கல்தூணில் கட்டியிருந்தது. உடம்பெல்லாம் ஈரம் காய்ந்து மயிர் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. மதினி பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், அன்றைய கோபத்தை விட்டு, சிரித்தே பேசினார்.

"வா, வந்து பாரு. ஒரு ஈ உக்காந்திருக்கா? உண்ணியெல்லாம் பொலபொலன்னு உதுந்துருச்சு. பால்கார அண்ணே வீட்டுல மாட்டுக்கு ஊத்துற மருந்து. தண்ணியில கலந்து காதுலருந்து குளம்பு வரைக்கும் தேச்சு விட்டேன். உன் குருவிக்கும் ஒன்னும் ஆகல பாரு."

உண்மைதான், ஒரு ஈ இல்லை. பல நாளாக உதைத்துக்கொண்டே இருந்த கால்கள் அசையாமல் நின்றன. எனக்கு அது நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் செவலையின் தலை தொங்கியிருந்தது. கீழுதடு கழன்றது போல விழுந்து கிடந்தது. நான் கழுத்தைத் தொட்டேன். திரும்பவில்லை.

"தூங்குது. எத்தன நாளாத் தூங்கல, பாவம்" என்றார் மதினி.

கணவரும் வந்து பார்த்துவிட்டு அப்படியே நினைத்தார். சாயந்தரம் போட்ட புல் அப்படியே இருந்தது.

விடிந்ததும் கொட்டத்தைக் கூட்டப் போனேன். வெள்ளையின் பக்கம் வழக்கம் போல லத்தி. செவலையின் காலடியில் தரை சுத்தமாக இருந்தது. ஒரு உருண்டைகூட இல்லை. குதிரை வளர்க்கிறவர்களுக்கு அதைவிடப் பயம் தருகிற சுத்தம் வேறு கிடையாது. கணவரைக் கூப்பிட்டேன். அவர் ஓடி வந்து செவலையின் விலாவில் காதை வைத்தார். நல்ல குதிரையின் வயிறு எப்போதும் சலசலத்துக்கொண்டே இருக்கும், தூரத்தில் தண்ணீர் ஓடுவது போல. அவர் இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார்.

"சத்தமே இல்ல" என்றார்.

செவலை முன்காலால் தரையைப் பிராண்டியது. திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டது. வயிற்று வலி.

குதிரை பார்க்கத் தெரிந்த டாக்டர் எங்கள் பக்கம் அதிகம் கிடையாது. போன வருடம் வெள்ளைக்குக் கால் வீங்கியபோது வந்த ஒரு டாக்டரம்மாவின் நம்பர் கணவரிடம் இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டார். எல்லாம் கேட்டுவிட்டு டாக்டரம்மா, "புதுசா ஏதாவது குடுத்தீங்களா? தீவனம் மாத்தினீங்களா? மருந்து?" என்றார்.

மதினிதான் சொன்னார். மறைக்கவில்லை. மறைப்பதற்கு அவருக்குக் காரணமே தெரியாது. "மாட்டு உண்ணிக்கு ஊத்துறது, நேத்துக் குளுப்பாட்டுனேன்."

"பாட்டிலை போட்டோ எடுத்து அனுப்புங்க. உடனே."

அனுப்பினோம். பிறகு டாக்டரம்மாவின் குரலே மாறியிருந்தது. "இது மாட்டுக்கு. குதிரைக்குப் போடவே கூடாது. தோல் வழியா உள்ள போய்க் குடல் அசைவை நிறுத்திடும். நான் கிளம்பி வர்றேன். நான் வர்ற வரைக்கும் சோப்புத் தண்ணி போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுங்க. கையில உறை போட்டுக்கங்க. தீவனம் எதுவும் வைக்காதீங்க. படுத்து உருள விடாதீங்க."

மதினி அந்தப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவுக மாடெல்லாம் நல்லாத்தானே இருக்கு..." என்று மெல்லச் சொன்னார், யாரையும் பார்த்து அல்ல.

கணவர் அக்காவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். "ஒரு வார்த்த கேக்க மாட்டியா? ஒரு போன் போட மாட்டியா? உன் இஷ்டத்துக்கு எடுத்து ஊத்துவியா?"

"எனக்கென்ன ஆசையா? சுவத்துக்கு மருந்து அடிக்க விட்டீகளா? குருவி, குருவின்னு உன் பொண்டாட்டி வாசல்ல நின்னாளே, அன்னைக்கு அடிச்சிருந்தா நான் ஏன் இத ஊத்துறேன்?"

சொல்லிக்கொண்டே மதினி மூலையில் சாத்தியிருந்த தொரட்டிக் கம்பை எடுத்தார். முருங்கைக்காய் பறிக்கிற நீளக் கம்பு. அதைத் தூக்கிக் கூட்டை நோக்கி நீட்டினார். எதுவும் யோசிக்காமல் நான் கம்பின் நடுவைப் பிடித்தேன். அவர் இழுத்தார், நான் விடவில்லை. அவ்வளவு கிட்டத்தில் அவர் கண்ணைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. எனக்கும் பயம்தான். அவர் சொல்வது முழுப் பொய் இல்லை என்று தெரிந்த பயம். மேலே மஞ்சள் வாய்கள் எங்கள் அசைவைத் தாய்ப் பறவை என்று நினைத்துக்கொண்டு விரிந்தன.

பின்னால் கணவர் கத்தினார். "ஏலே, எந்திரி! எந்திரிலே!"

செவலை முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தது. படுத்து உருண்டால் நின்றுபோன குடல் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் எந்த டாக்டராலும் முடியாது. கம்பு கீழே விழுந்தது. இரண்டு பேரும் ஓடினோம். கணவர் கயிற்றை முன்னால் இழுக்க, நானும் மதினியும் தோளைக் கொடுத்துப் பக்கவாட்டில் முட்டித் தூக்கினோம். அது முனகிக்கொண்டு எழுந்தது. மதினி அதன் தாடையைப் பிடித்துக்கொண்டு, "வா ஆத்தா, நட ஆத்தா, என் தங்கம்" என்று நடத்தினார். முற்றத்தில் ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அது நின்றால் நாங்கள் தள்ளினோம். நடுநடுவே நிறுத்திச் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். மருந்து வாடை போகவே மாட்டேன் என்றது.

டாக்டரம்மா வந்ததும் நேரே செவலையின் ஈறைத் தூக்கிப் பார்த்தார். நெஞ்சில் கருவியை வைத்தார், விலாவில் வைத்தார். தோள் வரைக்கும் உறை மாட்டிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். முகத்திலிருந்து எங்களால் எதுவும் படிக்க முடியவில்லை.

"உள்ள கெட்டியா நிக்குது. இன்னும் முறுக்கிக்கல. இதுக்கு நேர் மாத்து மருந்து என்கிட்ட இல்ல, தேனியில கேட்டுட்டேன், அங்கயும் இல்ல. எண்ணெய் குடுத்து, டிரிப் ஏத்தி, நடத்திப் பாக்கலாம். முறுக்கிக்கிச்சுன்னா ஆபரேஷன். அதுக்குச் சென்னைதான். அவ்வளவு தூரம் தாங்காது."

மூக்கு வழியாக நீளமான ரப்பர்க் குழாயை மெல்ல மெல்ல வயிறு வரை இறக்கினார். புனல் வைத்து எண்ணெயை ஊற்றினார். கணவர் தலையைப் பிடித்துக்கொண்டார், நான் புனலைப் பிடித்தேன். கழுத்து நரம்பில் ஊசி ஏறியது. டிரிப் பாட்டிலைத் தொங்கவிட உயரமான இடம் வேண்டும். இருந்தது ஒரே இடம்தான், அந்த நடு உத்திரம். கூட்டிலிருந்து ஒரு கை தள்ளிப் பாட்டில் தொங்கியது.

குருவிகள் உள்ளே வரவில்லை. வாசல் வரை வந்து, எங்களைக் கண்டு, திரும்பின. வால் கம்பி ஒன்று போன குருவி மட்டும் ஒரு தடவை உள்ளே நுழைந்து பாட்டில் மேல் மோதப் பார்த்துவிட்டு வெளியே ஓடியது. குஞ்சுகளின் சத்தம் முதலில் கூடியது, பிறகு குறைய ஆரம்பித்தது. செவலை சாகக் கிடக்கிறது, இந்த நேரத்தில் போய் நான் எப்படிக் குஞ்சுகளுக்காக வாய் திறப்பேன்? ஆனால் காது அங்கேதான் இருந்தது.

டாக்டரம்மாதான் குஞ்சுகளைப் பற்றித் தெரியாமலே அதற்கும் வழி பண்ணினார். "இத்தனை பேர் சுத்தி நிக்காதீங்க. அது பதறுது. ஒருத்தர் மட்டும் அசையாம உக்காந்து பாட்டிலைப் பாருங்க" என்றார். மதினி சொல்லாமலே சாக்கை விரித்துச் செவலையின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் வாசலுக்கு வெளியே நின்றோம். உள்ளே மதினி அசையவே இல்லை. கை மட்டும் செவலையின் நெற்றியில். கொஞ்ச நேரத்தில் ஒரு குருவி எங்கள் தலைக்கு மேல் சர்ரென்று நுழைந்து, அவர் தலைக்கு மேலே கூட்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, ஊட்டிவிட்டுப் போனது. பிறகு மற்றது. மதினி அண்ணாந்து பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது.

அன்று முழுக்க இப்படியே போயிற்று. பாட்டில் தீர்ந்தால் கழற்றுவது, முற்றத்தில் நடத்துவது, மறுபடி கட்டுவது, அடுத்த பாட்டில். சமையல் யாரும் செய்யவில்லை. பால்கார அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்து வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, எனக்குத் தெரியாதும்மா. அக்கா கேட்டாக, குடுத்தேன். எங்க மாட்டுக்கு மாசா மாசம் ஊத்துறதுதான்" என்று அழுகிற குரலில் சொன்னார். போய்விட்டு, தூக்குச்சட்டி நிறையக் கஞ்சியோடு திரும்பி வந்தார். மதினி அவரிடம், "உங்க மேல ஒன்னுமில்லண்ணே" என்று மட்டும் சொன்னார். கஞ்சியைத் தொடவில்லை. பிற்பகல் அசர் தொழுகையைக் கொட்டத்து வாசலிலேயே தொழுதார். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகும் எழுந்திருக்காமல் கையேந்தியபடி இருந்தார்.

மறுநாள் காலையிலும் தரை சுத்தமாகவே இருந்தது. டாக்டரம்மா மறுபடி வந்து காதை வைத்துக் கேட்டார். "லேசா ஒரு சத்தம் இருக்கு. இருக்கற மாதிரி இருக்கு" என்றார். அந்த 'மாதிரி' என்கிற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இன்னும் பல சுற்று நடத்தினோம். செவலையின் கண்கள் குழிந்திருந்தன. விலா எலும்பு தெரிந்தது. கணவர் கயிற்றைப் பிடித்தபடி நடந்துகொண்டே தூங்கி, தூணில் மோதிக்கொண்டார்.

கூட்டிலிருந்து ஒரு குஞ்சு கீழே விழுந்து செத்துக் கிடந்ததைக் கூட்டும்போது பார்த்தேன். முந்தின நாள் பட்டினியாலா, வேறெதனாலா, தெரியாது. இறகு பாதிதான் முளைத்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் கொய்யா மரத்தடியில் மண்ணைத் தள்ளி மூடினேன்.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கணவரைப் படுக்கச் சொல்லிவிட்டு நானும் மதினியும் நடத்திக்கொண்டிருந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். இரண்டு நாளாக எங்களுக்குள் தேவையான சொற்கள் மட்டும்தான்: பிடி, விடு, தள்ளு. செவலை திடீரென்று நின்றது. தள்ளினேன், நகரவில்லை. மறுபடி படுக்கப் போகிறது என்று நினைத்து, "மதினி, பிடிங்க!" என்று கத்தினேன். அது பின்னங்கால்களை லேசாக அகட்டி, வாலைத் தூக்கியது.

முதலில் எண்ணெய் மட்டும் வழிந்தது. பிறகு, கறுத்து, இறுகி, எண்ணெய் மினுமினுக்க ஒரு சின்ன உருண்டை என் காலடியில் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"போட்டுருச்சு" என்றேன். "மதினி, போட்டுருச்சு!"

மதினி கயிற்றைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடி வந்தார். குனிந்து அந்த உருண்டையைக் கையில் எடுத்தார். உள்ளங்கையில் வைத்து, உடைத்து, மோந்துகூடப் பார்த்தார். "யா அல்லா, யா அல்லா" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். செவலை திரும்பி அவர் முந்தானையை உதட்டால் பிடித்து இழுத்தது. சத்தம் கேட்டு எழுந்து வந்த கணவர், செவலையைக் கவனிக்காமல் எங்கள் இரண்டு பேரையும் மட்டும் பார்த்துவிட்டு ஏதோ நடந்துவிட்டது என்று தப்பாக நினைத்து, வாசல்படியிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மதினி லத்திக் கையை உயர்த்திக் காட்டினார். அப்போதுதான் மூன்று பேரும் சிரித்தோம், அழுகையோடு சேர்ந்து.

மாலைக்குள் வயிறு சலசலக்க ஆரம்பித்தது. டாக்டரம்மா போனில் கேட்டுவிட்டு, "பச்சைப் புல் ஒரு கைப்பிடி குடுங்க. ஒரே ஒரு கைப்பிடி" என்றார். அது தின்றதைப் பார்க்க நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

செவலை தேற நாளாயிற்று. அதற்குள் நான் வாங்கி வந்த வலையைக் கணவர் ஜன்னல்களுக்கு மட்டும் அடித்தார், வாசலைக் குருவிக்காகத் திறந்தே விட்டார். அன்றன்று லத்தியை அள்ளித் தோட்டக்காரர்களின் உரக்குழியில் கொண்டு போய்ப் போட்டு மூடினோம். பெரிய மின்விசிறி ஒன்று கொட்டத்தின் மூலையில் சுழன்றது. காற்றில் ஈ நிற்க முடியாமல் தடுமாறும். உண்ணியை மதினி கையாலேயே பிடுங்கினார். வெளிச்சத்தில் செவலையின் தலையை மடியில் சாய்த்து, காதை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து உப்புத் தண்ணீரில் போடுவார். ஈ முற்றிலும் ஒழியவில்லை. குறைந்தது, அவ்வளவுதான். மிச்சக் குஞ்சுகள் ஒரு நாள் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, அடுத்த நாள் வாய்க்கால் மேல் மின்கம்பியில் உட்கார்ந்திருந்தன.

மதினி என்னிடம் வருத்தம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. குருவிகளைப் பற்றியும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. எங்களுக்குள் ஏதோ ஒன்று விரிசல் விட்டபடியே இருந்தது. ஒருத்தரை ஒருத்தர் பார்க்கும்போது இரண்டு பேருக்கும் அந்தக் கம்பு ஞாபகம் வந்திருக்கும்.

ஒரு நாள் காலை கொட்டத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். முன்வீட்டில் மதினி போனில் பேசுகிற சத்தம் கேட்டது. மயிலாடும்பாறையில் குதிரை வைத்திருக்கிற யாரோ ஒருவர். முன்பின் பழக்கமில்லாதவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. நம்பரை யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறார்.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. குதுர வச்சிருக்கீகளாம்ல, அதுக்காகத்தான் கூப்புடுறேன். மாட்டு உண்ணி மருந்து எதுவும் ஊத்திப்புடாதீக. எம்புட்டு உண்ணி இருந்தாலும் டாக்டரக் கேக்காம ஊத்தாதீக. ஆமா, எங்க வீட்டுலதான். யாரும் சொல்லி நான் சொல்லல. ஊத்துனதே நான்தான். என் கையால வளத்தத நானே கொல்லப் பாத்தேன்."

எதிர்முனையில் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "பொழச்சிருச்சு, பொழச்சிருச்சு" என்றார். பிறகு, "உங்களுக்குத் தெரிஞ்சு வருசநாட்டுப் பக்கம் வேற யாரும் வச்சிருக்காகளா? அவுக நம்பரு இருந்தாக் குடுங்க" என்றார்.

அன்றைக்கு மட்டும் அந்தக் கதையை அவர் நாலைந்து பேரிடம் சொன்னார். ஒரு தடவைகூடச் சுருக்கவில்லை, தன் தப்பை விட்டுவிடவும் இல்லை. மத்தியானம் போல நான் ஒரு சொம்பில் மோர் எடுத்துப் போய் அவர் பக்கத்தில் வைத்தேன். பேச்சை நிறுத்தாமல் சொம்பை வாங்கிக்கொண்டு, பாயில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்.